இரு கையும் ஒத்த ஏடு

ஒரே ஏட்டை இரண்டு பேர் தட்டச்சு செய்ய வேண்டும். அந்த இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருவரோடொருவர் மூச்சு விடக் கூடாது. அந்த அலுவலகத்தின் சட்டதிட்டங்கள் நாற்பது பக்கம் இருந்தாலும், பிழிந்து பார்த்தால் இவ்வளவுதான்.

கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டிய அறையில் இருப்பவர் முதல் கை. மேல்தளத்தில், தண்ணீர்த் தொட்டி சொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் அறையில் இருப்பவர் இரண்டாம் கை. ஓலைச்சுவடியைப் படம் பிடித்துக் கணினியில் ஏற்றியிருப்பார்கள். ஒரே படம் இரண்டு திரையிலும் வரும். அந்தக் காலத்தில் எழுதியவன் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடாமல், மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல், எழுத்தாணியால் கீறிக்கொண்டே போயிருப்பான். அதைப் பார்த்து இரண்டு பேரும் தனித்தனியாக அடிக்க வேண்டும். பிறகு கணினி இரண்டு பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். ஒத்துப்போன இடம் பச்சை, மாறிய இடம் சிவப்பு. சிவப்பை மட்டும் ஒப்புநோக்கர் என்று ஒருவர் படத்தோடு பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பச்சையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பேசி வைத்துக்கொள்ளாத இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தவறைச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. பழைய மொழியைக் கணினிக்குள் குடியேற்றுகிறோம் என்று வாசலில் பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்குப் பின்னால் இருந்தது இந்த ஒரு நம்பிக்கைதான்.

மேல்தளத்து இரண்டாம் கைக்கு அலுவலகத்தில் நட்சத்திரம் என்று பெயர். சினிமா நட்சத்திரம் என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாற்பத்தைந்து வயது, எப்போதும் சீப்பை மறந்துவிட்டு வந்தவள் போல ஒரு தலை. ஏட்டில் பூச்சி அரித்த இடம், ஓரம் முறிந்த இடம், மை ஊறிய இடம் என்று எழுத்து தெரியாத இடத்தில் எல்லாம் எழுத்துக்கு ஒன்று வீதம் நட்சத்திரக் குறி போட வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் பத்து இடத்தில் போட்டால் இவள் முப்பது இடத்தில் போடுவாள். கொஞ்சம் சந்தேகம் என்றாலும் போடுவாள். சேர்ந்த புதிதில் இயக்குநர் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார்.

"என்னம்மா இது, பக்கம் பூரா குறியா இருக்கு? கொஞ்சம் முயற்சி பண்ணிப் படிக்கக் கூடாதா?"

"பூச்சி தின்னதை நான் எப்படி சார் கக்க வைக்கிறது?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நட்சத்திரம் ஆகிவிட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவள் கட்சி. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். "எனக்கு நட்டு கழண்டா முடுக்கியே ஆகணும். உனக்கு எழுத்து கழண்டா ஒரு நட்சத்திரத்தைப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடலாம். இதெல்லாம் ஒரு வேலையாடி?" என்று சீண்டுவான். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

கீழே இருந்த முதல் கையின் பெயர் எக்ஸ்பிரஸ். வயதில் ஆறு மூத்தவள் என்பதால் நட்சத்திரத்துக்கு அவள் எக்ஸ்பிரஸ் அக்கா. விசைப்பலகையில் அவள் விரல் ஓடுகிற வேகத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர். புருஷன் போய்ப் பன்னிரண்டு வருஷம். பிள்ளை இல்லை. தம்பி வீட்டில், இஸ்திரி மேசையும் உடைந்த சைக்கிளும் போட்டு வைத்திருந்த அறையில் ஓரமாக ஒரு கட்டில் அவளுக்கு. தம்பி தங்கமானவன். தம்பி பெண்டாட்டியும் நல்லவள்தான், ஒன்றாம் தேதி சம்பளம் வருகிற வரைக்கும்.

ஒன்பது வருஷம் இருவரும் தினமும் இரண்டு வேளை ஒன்றாக டீ குடித்தார்கள். மூட்டு வலி, தம்பி பெண்டாட்டி, நட்சத்திரத்தின் மகளுக்குப் பரீட்சையில் போன பாடம் என்று எல்லாம் பேசினார்கள். ஏட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் ஒருத்தியின் கையை இன்னொருத்திக்குத் தெரியும். மாதக் கடைசியில் பிழைப் பட்டியல் வரும். யார் எங்கே தவறினார்கள் என்று அதில் இருக்கும். இரண்டு வரி ஒரே சொல்லில் தொடங்கினால் அக்கா நடுவில் ஒரு வரியைத் தாண்டிவிடுவாள். அவசரத்தில் அடுத்தடுத்த இரண்டு எழுத்தை இடம் மாற்றிவிடுவாள். நெடிலைக் குறிலாக்குவாள். பட்டியலைப் பார்த்துப் பார்த்து, மாடிப்படியில் யார் ஏறுகிறார்கள் என்று செருப்புச் சத்தத்தில் தெரிந்துகொள்வது போல, அக்காவின் தவறுகள் நட்சத்திரத்துக்கு மனப்பாடம்.

ஒரு நாள் டீக்கடையில் அக்கா கண்ணாடித் தம்ளரைப் பெஞ்சில் வைப்பதாக நினைத்துக்கொண்டு காற்றில் வைத்தாள். தம்ளர் கீழே விழுந்து உடைந்தது. கடைக்காரர் துடைப்பத்தோடு வந்தார். அக்கா கீழே பார்க்காமல் நேராகவே பார்த்துக்கொண்டிருந்தாள். நட்சத்திரம் அவள் கையைப் பிடித்தாள்.

"என்னக்கா?"

"சர்க்கரை கண்ணுல இறங்கிடுச்சுடி. நடுவுல கருப்பா ஒரு வட்டம். நேராப் பாத்தா ஒண்ணும் இல்ல, ஓரக்கண்ணால பாத்தா கொஞ்சம் தெரியுது. ரெண்டு ஊசி போட்டாங்க. போனது திரும்பாதுன்னுட்டாரு டாக்டரு."

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசமா. ஏதோ ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். இந்த மாசப் பட்டியல் வந்தா குட்டு உடைஞ்சிடும்."

பத்து வருஷம் முடித்தவர்களுக்குத்தான் ஓய்வூதியம். அக்காவுக்கு இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தது. நடுவில் கண் தெரியவில்லை என்று கண்டுபிடித்தால் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருவரை முன்னால் அனுப்பியும் இருந்தார்கள்.

"எட்டு மாசம்டி. அதுக்கப்புறம் கண்ணு என்ன, மூக்கு போனாலும் கவலையில்ல. இப்பவே போனா, அவ போடுற சோத்துக்கு அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு... அதுவும் பாக்க முடியாது போ," என்று சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள். அந்தச் சிரிப்பை நட்சத்திரத்தால் தாங்க முடியவில்லை.

"உன் பாஸ்வேர்ட் என்னக்கா?" என்று கேட்டாள்.

ஒன்பது வருஷத்தில் இருவரும் வேலையைப் பற்றிப் பேசிய முதல் பேச்சு அது.

அப்போது கையில் இருந்தது ஒரு கிணற்று நூல். எங்கே தோண்டலாம், எங்கே கூடாது, எந்த மண்ணுக்குக் கீழே என்ன நீர் என்று சொல்கிற பழைய நூல். இருநூற்றுப் பன்னிரண்டு ஏடு. உலகத்தில் வேறு பிரதி இருப்பதாக யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டுக்காரர்கள் மூன்று வாரம் இரவல் கொடுத்து, படம் எடுத்ததும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏட்டுக் கட்டை அவிழ்த்தபோதே பாதிப் பொடி கொட்டியதாகப் படம் எடுத்தவர் சொன்னார்.

காலையில் நட்சத்திரம் தன் பிரதியை அடிப்பாள். மதியம் எல்லோரும் சாப்பிடக் கீழே போனதும் அக்காவின் பெயரில் உள்ளே நுழைந்து, அதையே அங்கே ஒட்டுவாள். ஒட்டிவிட்டு அக்காவின் தவறுகளைச் செய்வாள். இங்கே ஒரு வரியைத் தாண்டி, அங்கே இரண்டு எழுத்தை மாற்றி, ஒரு நெடிலைக் குறுக்கி. அளவு தப்பாமல், போன வருஷப் பட்டியலில் இருந்த அதே கணக்கில். ஒருத்தியின் பிழைகளை இன்னொருத்தி இவ்வளவு பாசமாகச் செய்து எங்காவது கேள்விப்பட்டதுண்டா? கீழே அக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்க்கு வந்ததை அடித்து அடித்து அழித்துக்கொண்டிருந்தாள். நடைவழியில் போகிறவர்களுக்கு விசைச் சத்தம் கேட்க வேண்டுமே.

பிழைகள் பிரச்சினை இல்லை. ஓரெழுத்து மாறினால், வரி விட்டுப்போனால், ஒப்புநோக்கர் அவரே படத்தைப் பார்த்துத் தீர்த்துவிடுவார். பிரச்சினை நட்சத்திரக் குறிகள்தான். இரண்டு பிரதியில் எதில் குறி விழுந்திருந்தாலும் சரி, ஒரு முழுச் சொல்லே மாறியிருந்தாலும் சரி, அவர் இரண்டு கைகளையும் தனித்தனியாகத் தன் அறைக்குக் கூப்பிடுவார். பெரிய திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "என்ன தெரியுது, படிங்க" என்பார். இளைஞர், மரியாதையானவர், வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்.

பதினான்காம் ஏட்டில் நட்சத்திரம் வழக்கம் போல மூன்று குறி போட்டாள். மறுநாள் இருவரையும் கூப்பிட்டார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள். திரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளிச்சத்தை வைத்துக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பது போல் நின்றுவிட்டு, "ஒண்ணும் தெரியல சார்" என்றாள். உண்மையிலேயே அந்த இடத்தில் ஒன்றும் இல்லாததால் தப்பித்தாள். திரும்பும்போது அவர் மேசை மேல் மோதிக்கொண்டாள்.

"கண்ணாடியை மாத்துங்கம்மா," என்றார் அவர்.

இன்னொரு தடவை கூப்பிட்டால் கதை முடிந்தது. நட்சத்திரத்துக்கு அது நன்றாகத் தெரிந்தது.

பதினைந்தாம் ஏட்டில் 'இவ்விடத்து நீர்' என்று இருந்தது. அதற்குப் பிறகு விரல் நகம் அளவுக்கு ஓட்டை. ஓட்டை வழியாகப் பின்னால் விரித்திருந்த கறுப்புத் துணி தெரிந்தது. நட்சத்திரம் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றெழுத்துக்கு இடம் இருந்தது. உவர்ப்பா, இனிப்பா, இருக்கிறதா, இல்லையா? எழுதியவனுக்குத் தெரியும், தின்ற பூச்சிக்குத் தெரியும். அவள் 'இனிது' என்று அடித்தாள். மதியம் அக்காவின் பிரதியிலும் அதுவே போயிற்று. மாலையில் ஒப்பிட்ட பட்டியல் வந்தபோது அந்த இடம் பச்சையாக இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

முதல் தடவை அரை மணி நேரம் யோசித்தாள். பத்தாவது தடவை ஒரு நிமிஷம். ஐம்பதைத் தாண்டியதும், மனம் யோசிக்கும் முன்பே கை நிரப்பிக்கொண்டு போயிற்று, அதுதான் கொடுமை. அவள் சுபாவத்துக்கு ஏற்ப எல்லாம் நல்லதாகவே வந்தது. நன்று, இனிது, ஆம், உண்டு, தகும். ஓட்டை விழுந்த இடத்தில் கெட்டது சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவளும் சும்மா செய்துவிடவில்லை. தனக்குத் தானே ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கா மரியாதையாக வெளியே போகட்டும். போன மறுநாளே கட்டைத் திறந்து, படத்தைப் பார்த்து, நிரப்பிய இடத்தில் எல்லாம் குறியைத் திரும்பப் போட்டுவிடுவது. படம் எங்கே ஓடிப்போகிறது? முதலில் ஒரு துண்டுச் சீட்டில் இடங்களைக் குறித்துக்கொண்டு வந்தாள். ஒரு நாள் ஒப்புநோக்கர் ஏதோ கேட்க அவள் மேசைக்கே வந்துவிட்டார். சீட்டு அவர் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. அவர் போனதும் அதைச் சுக்குநூறாகக் கிழித்துவிட்டாள். அதற்குப் பிறகு குறித்து வைக்கவில்லை. படத்தில் ஓட்டை இருக்கிறது, பிறகு சீட்டு எதற்கு என்று நினைத்தாள்.

எட்டு மாதம் ஓடியது. அக்காவுக்குப் பிரிவு உபசாரம் நடந்தது. இயக்குநர் அவள் உழைப்பைப் புகழ்ந்து பேசி, ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார். அக்கா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சார்" என்றாள். நட்சத்திரம் கை தட்டினாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் மறுநாளே கட்டைத் திறக்க முடியவில்லை. மகளுக்குக் காய்ச்சல், பிறகு வேறு அவசரக் கட்டு, பிறகு கீழ் அறைக்குப் புது ஆள் வரப்போகிறது என்ற பேச்சு. உண்மையைச் சொன்னால், அவளுக்குப் பயம். இரண்டரை மாதம் தள்ளிப்போட்டாள். அந்த இரண்டரை மாதத்தில் நடந்த எதையும் யாரும் அவளைக் கேட்டுச் செய்யவும் இல்லை, அவளிடம் யாரும் சொல்லவும் இல்லை. இயக்குநரின் கூட்டத்தில்தான் தெரிந்துகொண்டாள்.

"நம்ம அலுவலக வரலாற்றுல ஒரு குறி கூட இல்லாத பக்கங்களை இந்தக் கிணத்துக் கட்டுலதான் பாக்குறோம். பதினஞ்சாம் ஏட்டுலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரு நட்சத்திரம் கிடையாது!" என்றார் இயக்குநர். "நட்சத்திரம் அம்மாவே நட்சத்திரம் போடலன்னா பாத்துக்குங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். ஏடு படிக்கிற இயந்திரம் ஒன்று வரப்போகிறதாம். அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் குறையில்லாத கட்டு வேண்டுமாம். படத்தையும் அதற்குரிய எழுத்தையும் ஆயிரக்கணக்கில் காட்டினால் அதுவே பழகிக்கொள்ளுமாம். கிணற்றுக் கட்டைத்தான் கொடுத்திருந்தார்கள். அது பழகியும் முடித்துவிட்டது. இரண்டு கைகளுக்குத் துணையாக வருவதால் அதற்கு மூன்றாம் கை என்று பெயர் வைத்திருந்தார்கள். பாடம் முடிந்ததும் சேமிப்பில் இடம் போதவில்லை என்று, பிழையில்லை என்று ஒப்புநோக்கரின் சான்றிதழ் வாங்கிய அந்தக் கட்டின் பெரிய படங்களை அழித்துவிட்டு, அடையாளத்துக்குத் தபால்தலை அளவில் சின்னப் படங்களை வைத்துக்கொண்டார்கள்.

நட்சத்திரம் தன் அறைக்குப் போய்ச் சின்னப் படத்தைத் திறந்தாள். ஓட்டை, கறை, எழுத்து எல்லாம் ஒன்றாகக் கலங்கிச் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. ஏட்டையாவது மறுபடி வாங்கலாம் என்று ஏதோ சாக்குச் சொல்லி, இரவல் கொடுத்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். வீட்டை இடித்துக் கட்டினார்களாம். பரண் முழுக்கக் கரையான், அப்படியே அள்ளி வண்டியில் ஏற்றிவிட்டோம் என்றது ஒரு பெண் குரல். "அதான் நீங்க கம்ப்யூட்டர்ல ஏத்திட்டீங்களே?" என்றும் கேட்டது.

அன்று வீட்டில் அவள் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அந்தம்மா நடுத்தெருவுல நிக்கக் கூடாதுன்னு செஞ்சே. இந்தக் காலத்துல அந்த நூலைப் பாத்து எவன் கிணறு வெட்டப் போறான்? விட்டுத் தள்ளு."

"லிஃப்ட்ல கயிறு நைஞ்சிருந்தா விட்டுத் தள்ளுவீங்களா?"

"அது ஆள் ஏறுற சாமான்டி."

"இதுலயும் ஏறுவாங்க."

"அப்ப போய்ச் சொல்லிடு," என்றான் கடைசியில். "வேலை போனா போகுது. ஆனா அந்தம்மா ஓய்வூதியத்துல கை வைப்பாங்களான்னு யோசிச்சுக்கோ."

அவள் மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள் எல்லாம் தன் வேலைதான், அக்காவுக்குத் தெரியாமல் அவள் பிரதியைத் தானே திருத்திவிட்டதாகச் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். ஒப்புநோக்கரும் அங்கே இருந்தார். அவள் பேசப் பேச, அவரே எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

இயக்குநர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"எத்தனை இடம்?"

"முந்நூறு இருக்கும் சார். நானூறா கூட இருக்கலாம்."

"எது எதுன்னு பட்டியல் கொடுங்க."

எந்தச் சொல் எழுதியவனுடையது, எந்தச் சொல் தன்னுடையது என்று இப்போது அவளுக்கே தெரியாது. கடந்த மூன்று நாளும் அந்த நூலைப் படித்துப் பார்த்துவிட்டாள். எல்லாமே பழையதாகத் தெரிந்தது. எல்லாமே தான் எழுதியதாகவும் தெரிந்தது.

"பதினஞ்சாம் ஏடு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு சார். 'நீர்'க்கு அப்புறம் ஓட்டை. 'இனிது'ங்கிறது நான் போட்டது."

ஒப்புநோக்கர் சின்னப் படத்தைத் திரையில் கொண்டுவந்தார். சாம்பல் திட்டு ஒன்று இருந்தது. ஓட்டை என்றால் ஓட்டை, எழுத்து என்றால் எழுத்து.

இயக்குநர் கொஞ்ச நேரம் கையைப் பிசைந்தார். அந்தக் கட்டு வெளியாகி, வாழ்த்துகள் வந்து, பெரிய மனிதர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டும் போயிருந்தார்கள். பிறகு அவர் முகம் தெளிந்தது.

"உங்களையும் தெரியாத, அந்தம்மாவையும் தெரியாத ஒருத்தரைக் கேட்டுடலாமே. மூன்றாம் கையை விட்டுப் படிக்கச் சொல்லுங்க."

ஒப்புநோக்கர் ஒரு கணம் தயங்கினார். பிறகு பொத்தானை அழுத்தினார். சாம்பல் திட்டைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. கீழே எழுத்து வந்தது: இவ்விடத்து நீர் இனிது. பக்கத்தில், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு நிச்சயம் என்று காட்டியது.

நட்சத்திரம் தனக்குச் சந்தேகமாக இருந்த இன்னும் ஆறு ஏட்டைச் சொன்னாள். ஆறிலும் அது அவள் அடித்ததையே படித்தது.

"பாத்தீங்களா? மூணு பேரும் ஒண்ணையேதான் சொல்றீங்க," என்றார் இயக்குநர். அவர் குரலில் நிம்மதி வழிந்தது. "உங்களுக்கு மனசுல ஏதோ குழப்பம்மா. கூட வேலை செஞ்சவங்க போனதுல ஒரு ஏக்கம். ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோங்க."

"சார், அது என்கிட்ட படிச்சது சார். நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லாம வேற எதைச் சொல்லும்?"

"நல்லாத்தான் படிச்சிருக்கு," என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்தது.

படிக்கட்டில் ஒப்புநோக்கர் பின்னாலேயே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"மேடம், நீங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியும். எட்டு மாசமா அந்தக் கட்டுக்காக ஒருத்தர் கூட என் அறைக்கு வரல. அப்பவே எனக்கு மூக்குல வேர்த்திருக்கணும். எனக்கும் சௌகரியமா இருந்துச்சு, விட்டுட்டேன். சான்றிதழ்ல கையெழுத்து என்னோடது." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "எனக்குச் சின்னக் குழந்தை இருக்கு மேடம்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட அவளுக்கு என்ன யோக்கியதை இருந்தது?

கீழ் அறைக்குப் புது ஆள் வரவில்லை. நாற்காலியை எடுத்துவிட்டு மூன்றாம் கைக்கான இயந்திரங்களை அங்கே வைத்து, கதவைப் பூட்டிக் குளிர்சாதனம் போட்டார்கள். இப்போது அதுதான் முதல் கை. நட்சத்திரம் மட்டும் மேலே, தொட்டி சொட்டுகிற அறையில், இரண்டாம் கையாகவே இருந்தாள். வேலையை விட்டுவிடலாம் என்று பலமுறை கிளம்பினாள். தானும் போய்விட்டால் குறி போட ஒரு ஆள் கூட இருக்காதே என்று உட்கார்ந்தாள். முன்னைவிடக் கவனமாக, எழுத்துக்கு ஒன்று வீதம், எண்ணி எண்ணிக் குறி போட்டாள்.

அடுத்து வந்தது மாட்டு வைத்தியக் கட்டு. இதுவும் ஒற்றைப் பிரதி. அதில் முப்பத்தொன்றாம் ஏட்டுக்காக ஒப்புநோக்கர் அவளைக் கூப்பிட்டார். பூட்டிய அறையில் இருக்கும் முதல் கையைக் கூப்பிட முடியாதல்லவா, அதனால் அவளை மட்டும். பெரிய திரையில் ஏடு தெரிந்தது. ஏதோ கடுமையான வேர் ஒன்றை இடித்துக் காய்ச்சச் சொல்லி, அளவெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் 'சினைப் பசுவுக்கு' என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் ஓட்டை.

"என்ன தெரியுது, படிங்க மேடம்."

"ஓட்டை தெரியுது சார்."

அவர் பக்கத்துக் கட்டத்தைக் காட்டினார். இடது பக்கம் முதல் கையின் பிரதி: சினைப் பசுவுக்கு நன்று. வலது பக்கம் அவள் பிரதி: சினைப் பசுவுக்கு, பிறகு மூன்று நட்சத்திரம்.

அது யாருடைய சொல் என்று அவளுக்குக் கேட்டுத் தெரிய வேண்டியதில்லை.

"ஆகாதுன்னும் இருந்திருக்கலாம் சார். ஆகாதுன்னுதான் சார் இருக்கும். இவ்வளவு கடுமையான மருந்தைக் கர்ப்பமா இருக்கிற மாட்டுக்கு எவன் கொடுக்கச் சொல்வான்?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றார் அவர் மெதுவாக. "ஆனா புது உத்தரவு வந்திருக்கு மேடம். நட்சத்திரம்னா பதில் சொல்லலன்னு அர்த்தமாம். ஒரு கை பதில் சொல்லி, இன்னொரு கை சொல்லலன்னா, சொன்னதைத்தான் எடுத்துக்கணுமாம்."

"நானும் வேணும்னா 'ஆகாது'ன்னு போட்டுடறேன் சார். அப்ப ரெண்டு பதில் ஆயிடுமே."

"அங்க அப்படி எழுதியிருக்கா மேடம்?"

அவள் திரையைப் பார்த்தாள். ஓட்டைக்குப் பின்னால் கறுப்புத் துணி இருந்தது. வேறொன்றும் இல்லை.

"இல்ல சார்," என்றாள்.

அவர் 'நன்று' என்பதன் மேல் அழுத்தினார். அந்த இடம் பச்சையாயிற்று. இருவரும் அடுத்த ஏட்டுக்குப் போனார்கள்.